பழைய வீட்டில் சுத்தியல் விழும் முன்: கல்நார் கூரை, ஈயப் பெயிண்ட், கல் தூசி

அப்பா கட்டிய வீட்டின் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டி ஒரு சாய்ப்பு உண்டு. 1980களில் போட்ட சிமெண்ட் ஷீட். ஒழுக ஆரம்பித்ததும் மாற்றிவிடலாம் என்று மேஸ்திரியை வரச் சொன்னேன். நான் ஆணி வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு பேர் மேலே ஏறி, சுத்தியலால் ஷீட்டை உடைத்து உடைத்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். சித்தாள் அக்கா துண்டுகளைப் பொறுக்கிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொடியில் குழந்தைகளின் துணி காய்ந்துகொண்டிருந்தது. கிணறு திறந்தே கிடந்தது.

“மேஸ்திரி, நிறுத்துங்க” என்று கத்தினேன். அவர் இறங்கி வந்து, “இருபது வருஷமா இப்படித்தான் சார் பிரிக்கிறோம், ஒண்ணும் ஆகல” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த மாதிரிப் பழைய ஷீட்டில் கலந்திருக்கும் கல்நாரால் (ஆஸ்பெஸ்டாஸ்) வரும் நோய்கள் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். இருபது வருஷம் ஒன்றும் ஆகாததை வைத்து இனியும் ஆகாது என்று சொல்ல முடியாது. அன்று முன்யோசனை இல்லாமல் வேலையை ஒப்படைத்தவன் நான். அதற்குப் பிறகு படித்ததும், கேட்டதும், செய்து பார்த்ததும்தான் இந்த வழிகாட்டி.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பழைய வீட்டில் இருக்கும் ஆபத்தான பொருட்களில் பெரும்பாலானவை சும்மா இருக்கும்வரை அதிகம் தொல்லை தராதவை. வெட்டும்போதும், உடைக்கும்போதும், தேய்க்கும்போதும், எரிக்கும்போதும், கடைசியில் துடைப்பத்தால் கூட்டும்போதும் கிளம்பும் தூசியும் புகையும்தான் உடம்புக்குள் போகின்றன. ஐம்பது வருஷம் அமைதியாக இருந்த வீடு, மராமத்து நடக்கும் ஒரே வாரத்தில் ஆபத்தாக மாறிவிடும். அதனால் நம் கவனம் முழுக்க அந்த ஒரு வாரத்தின் மேல் இருக்க வேண்டும்.

படி 1: ஆள் வருவதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பேனா, போனில் கேமரா. இது போதும். எதையும் சுரண்டாமல், தட்டாமல், கண்ணால் மட்டும் பாருங்கள்.

கூரையில் தொடங்கலாம். சாம்பல் நிறத்தில் அலை அலையாக இருக்கும் சிமெண்ட் ஷீட், அதன் முகட்டு மூடி, சிமெண்ட் தாழ்வாரக் கால்வாய், மாடியிலிருந்து மழைநீர் இறங்கும் தடித்த சாம்பல் நிறக் குழாய், கழிவறைக் காற்றுக் குழாய், பழைய தண்ணீர்க் குழாய், தடுப்புச் சுவராகவோ பரண் அடைப்பாகவோ வைத்த தட்டைச் சிமெண்ட் பலகை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்நார் கலந்ததா என்று கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஷீட்டின் மேல் ஐஎஸ் 459 என்ற முத்திரை தெரிந்தால் அது கல்நார் சிமெண்ட் ஷீட்டுக்கான இந்தியத் தர எண். முத்திரை அழிந்திருந்தால், பழைய சிமெண்ட் ஷீட் எதுவானாலும் கல்நார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் தீர வேண்டுமென்றால், ஏற்கெனவே உடைந்து கிடக்கும் சிறு துண்டை நனைத்து, இரட்டைக் கவரில் போட்டு ஒட்டி, கல்நார் பரிசோதனை செய்யும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சோதனைக்காகப் புதிதாக உடைக்க வேண்டாம்.

அடுத்து கதவு, ஜன்னல், கிரில், இரும்பு கேட், மாடிப்படிக் கைப்பிடி, ஊஞ்சல், மரத் தூண், பழைய மரத் தொட்டில். எனாமல் பெயிண்ட் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எப்போது அடித்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். 2017 நவம்பருக்கு முந்தையது என்றால் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

கடைசியாக, இந்த முறை என்னென்ன வேலை நடக்கப்போகிறது என்று எழுதுங்கள். ஒயரிங்குக்குச் சுவரில் காடி வெட்டுவார்களா, டைல்ஸ் பெயர்ப்பார்களா, கிரானைட் அறுப்பார்களா, பட்டி தேய்ப்பார்களா? இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எங்கே கவனம் தேவை என்று தெரிந்துவிடும்.

படி 2: ஷீட்டைத் தொட வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கல்நார் என்பது பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் ஒரு கனிமம். நாராகப் பிரியும், தீப்பிடிக்காது, இழுத்தாலும் எளிதில் அறாது. அதனால்தான் சிமெண்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கலந்து ஷீட் செய்தார்கள். அந்த நார் நீளவாக்கில் பிளந்து பிளந்து மேலும் மெல்லியதாகும். கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போகும். அங்கே போனதை உடம்பால் கரைக்க முடியாது. நுரையீரல் தழும்பேறி மூச்சு முட்டும் நோய், நுரையீரல் புற்று, நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்று ஆகியவை இதனால் வருகின்றன. எல்லா வகைக் கல்நாரையும், ஷீட்டில் கலக்கும் வெள்ளைக் கல்நார் உட்பட, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புகைபிடிப்பவருக்குக் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் ஆபத்து பல மடங்காகும்.

50க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் வெட்டியெடுப்பது நின்றுபோனாலும், வெளிநாட்டிலிருந்து வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து ஷீட் தயாரிப்பது தொடர்ந்தது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார் ஆலைகளில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் வர எவ்வளவு காலம் ஆகும் என்பது அந்த 40 என்ற எண்ணிலேயே இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்காவது பதிவேடு உண்டு. நம் வீட்டு ஷீட்டை உடைக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அதுவும் கிடையாது.

இலங்கையில் 2018 முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்தத் திட்டமிட்டார்கள். 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டது. கல்நார் ஏற்றுமதி செய்யும் பெரிய நாடு ரஷ்யாதான். சில நாட்களிலேயே இலங்கை தன் கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது. நம் தலைக்கு மேல் இருக்கும் கூரையின் கதை இவ்வளவு தூரம் போகிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஷீட் முழுசாக, விரிசல் இல்லாமல், விளிம்பு உதிராமல் இருக்கிறதா? அப்படியானால் என் யோசனை: தொடாதீர்கள். அவசரப்பட்டுப் பிரிப்பதைவிட விட்டுவைப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் சில காரியங்களை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஷீட்டில் துளை போட்டு ஒயர் இழுப்பது, பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டுவது, கார் கழுவும் பிரஷர் பம்பால் பீய்ச்சுவது. வெயிலுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று பலர் முதலில் ஷீட்டை வறவறவென்று தேய்க்கிறார்கள். பல வருஷ வெயிலிலும் மழையிலும் மேல்பரப்பின் சிமெண்ட் கரைந்து நார் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேய்த்தால் முதலில் கிளம்புவது அதுதான். பெயிண்ட் அடித்தே ஆக வேண்டுமென்றால், லேசாகத் தண்ணீர் தெளித்து, காய்ந்த பிறகு ரோலரிலோ குறைந்த அழுத்தத் தெளிப்பானிலோ அடியுங்கள்.

இன்னொன்று, நாரைவிட உடனடியாக ஆளைக் கொல்வது. பழைய ஷீட்டின் மேல் யாரும் நேராகக் கால் வைக்கக் கூடாது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், நடுவில் மிதித்தால் சத்தமில்லாமல் உடைந்து ஆள் உள்ளே விழுவார். டிஷ் கம்பி சரி செய்யவும், மாங்காய் பறிக்கவும், பந்தெடுக்கவும் ஏறியவர்கள் இப்படித்தான் விழுகிறார்கள். ஏற வேண்டிய கட்டாயம் வந்தால், இரண்டு மூன்று சட்டங்களின் மேல் படியும்படி நீளப் பலகை போட்டு அதன்மேல் மட்டுமே நடக்க வேண்டும். இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். வீட்டுப் பிள்ளைகளிடம் இதைப் பலமுறை சொல்லிவையுங்கள்.

படி 3: பிரித்தே ஆக வேண்டும் என்றால்

உடைந்திருக்கிறது, உதிர்கிறது, புயலில் பாதி போய்விட்டது என்றால் எடுக்கத்தான் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் எத்தனையோ கூரைகள் பிய்ந்து போயின. அப்படிச் சிதறிய ஷீட்டைக் கையாளும்போதும் இதே முறைதான்.

நல்ல நாளைத் தேர்ந்தெடுங்கள். காற்றில்லாத காலை நேரம். ஆடி மாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளில் முதல் நாளே சொல்லி, ஜன்னலைச் சாத்தவும் துணியை உள்ளே எடுக்கவும் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சொல்லாமல் செய்தால்தான் சங்கடம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வீசிங் உள்ளவர்கள் அன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும். கிணறு, தரைத்தொட்டி, மாட்டுத் தொட்டி எல்லாவற்றையும் மூடுங்கள். கூரைக்குக் கீழே இருக்கும் சாமான்களை வெளியே எடுங்கள், எடுக்க முடியாததைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றுங்கள். தரை முழுக்கத் தடித்த பிளாஸ்டிக் விரிப்போ தார்ப்பாயோ போடுங்கள்.

வேலை செய்பவர்களுக்கான முகக்கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். முகத்தில் கட்டும் துண்டும், மூன்று மடிப்பு மருத்துவ மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது. எஃப்எஃப்பி3 வகை மாஸ்க், அல்லது பி100 வடிகட்டி மாட்டிய அரைமுகக் கவசம் வேண்டும். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது, ஓரத்தில் காற்று புகுந்துவிடும். முழுக்கைச் சட்டை, தலைக்குத் துணி, கையுறை. தூக்கிப் போட மனம் வரும் பழைய துணியாக இருக்கட்டும்.

அப்புறம் தண்ணீர். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் துலக்கும் திரவம் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். சோப்பு கலந்தால் தண்ணீர் வழிந்தோடாமல் ஊறும். ஷீட்டின் மேலும் கீழும் மெல்லத் தெளித்து நனையுங்கள். ஓசை வைத்துப் பீய்ச்ச வேண்டாம். வேலை முடியும்வரை ஒருவர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். நனைந்த ஷீட் வழுக்கும் என்பதால், முடிந்தவரை கீழிருந்து சாரம் கட்டி வேலை செய்வது நல்லது.

ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருப்பது ஜே போல்ட்டுகள், அதாவது ஆங்கில ஜே எழுத்துபோல் வளைந்த போல்ட்டுகள். பெரும்பாலும் துருப்பிடித்து நட்டு சுழலாது. கொத்தனார்கள் சுத்தியலை எடுப்பது இந்த இடத்தில்தான். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அதற்கும் மசியாவிட்டால், போல்ட்டைக் கட்டரால் நறுக்குங்கள், அல்லது கீழ்ப்பக்கம் ரம்பத்தால் அறுங்கள். கிரைண்டர் வேண்டாம். ஒரு போல்ட்டுக்குப் பத்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும். கூலி அரைநாள் கூடும், அதைப் பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள். நாள் கூலிக்குப் பதிலாக மொத்தக் கூலி பேசினால் அவசரம் வரும், அவசரம் வந்தால் சுத்தியல் வரும். இது என் அனுபவம்.

ஷீட்டை முழுசாகத் தூக்கி, இரண்டு பேர் கைமாற்றி, விரிப்பின் மேல் இறக்குங்கள். மேலிருந்து போடக் கூடாது, இழுக்கவும் கூடாது. அடுக்கிய ஷீட்டை இரண்டு சுற்றுப் பிளாஸ்டிக்கால் பொதிந்து டேப் ஒட்டி, “கல்நார் – உடைக்காதீர்கள்” என்று பெரிதாக எழுதுங்கள். உடைந்த துண்டுகளை நனைத்துப் பொறுக்கி, கெட்டியான பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போடுங்கள்.

துடைப்பத்தைக் கையிலேயே எடுக்காதீர்கள். வீட்டு வேக்யூம் கிளீனரும் வேண்டாம், உறிஞ்சிய இழையைப் பின்பக்கம் அப்படியே ஊதிவிடும். ஈரத் துணியால் சட்டம், சுவர், தரை எல்லாவற்றையும் துடையுங்கள், துணியையும் விரிப்பையும் மடித்து அதே பையில் போடுங்கள். வேலை செய்தவர்கள் துணியை உதறாமல், நனைத்துக் கழற்றிப் பையில் போட்டு, தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும். மாஸ்க்கைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். அந்தத் துணியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினால் இழையும் கூடவே போகும். ஆலைத் தொழிலாளிகளின் வேலைத்துணியைத் துவைத்த மனைவிமாருக்கு மீசோதீலியோமா வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

படி 4: எடுத்த ஷீட் எங்கே போகிறது?

இதுதான் நம் ஊரில் மிகவும் பலவீனமான இடம். டிராக்டரில் ஏற்றி அனுப்பினால் அது ஏரிக்கரையிலோ, மனை மேடாக்கும் இடத்திலோ, மண் ரோட்டுப் பள்ளத்திலோ கொட்டப்படும். வண்டி ஏறி ஏறி மாவாகும். அப்படி நடக்காமல் பார்ப்பது வீட்டுக்காரரின் வேலை.

பிரிப்பதற்கு முன்பே உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் கட்டட இடிபாடு வாங்கும் இடம் எது, கல்நார் ஷீட்டைத் தனியாக வாங்குவார்களா என்று கேளுங்கள். மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் எழுத்தில் கேட்கலாம். பதில் வரத் தாமதமானால், பொதிந்த ஷீட்டை வீட்டின் ஓரத்தில், பிள்ளைகள் ஏறாத, ஆடு மாடு மிதிக்காத இடத்தில் வைத்திருங்கள். பொதிந்து வைத்த ஷீட் யாருக்கும் கெடுதல் செய்யாது. “ஆட்டுக் கொட்டகைக்குக் கொடுங்களேன்” என்று யாராவது கேட்பார்கள். மறுப்பது கஷ்டம்தான். நான் மறுத்தேன். பழசாகிப்போன ஷீட்டை இன்னொரு முறை துளைத்து மாட்டினால் அதே தூசி அவர் வீட்டில் கிளம்பும்.

படி 5: ஈயப் பெயிண்ட்

கல்நார் பெரியவர்களை இருபது, நாற்பது வருஷம் கழித்துத் தாக்குகிறது. ஈயம் குழந்தையை இப்போதே தாக்குகிறது, அதுவும் ஓசையில்லாமல். வளரும் மூளைக்கு அது விஷம். படிப்பில் கவனம் நிற்காமல் போவது, புரிந்துகொள்ளும் திறன் குறைவது, எரிச்சல் என்று பொதுவான அறிகுறிகளாகவே வருவதால் யாருக்கும் பெயிண்ட் மேல் சந்தேகம் வராது. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், சிறு குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் அதே அமைப்பு சொல்கிறது. உள்ளே போன ஈயம் எலும்பில் தங்கும். பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கிளம்பி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு வைத்த விதிகள் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. அதற்கு முன் வாங்கிய டப்பாக்களில் எவ்வளவு இருந்தது என்பதற்குக் கட்டுப்பாடில்லை. அதனால்தான் முதல் படியில் அந்தத் தேதியை வைத்துப் புள்ளி வைக்கச் சொன்னேன். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்த சுவரில் பொதுவாகக் கவலை குறைவு. கவலைக்குரியது எனாமல். அதிலும் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை. மஞ்சள் நிறத்துக்கே ஈயக் குரோமேட்தான் நிறமியாகச் சேர்ந்தது.

பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் அதன்மேல் புதிய, ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் அச்சிட்ட பெயிண்ட்டை அடித்து மூடிவிடலாம். பிரச்சினை, உரசும் இடங்களில்தான். ஜன்னல் கதவு சட்டத்தில் இடிக்கும் ஓரம், கொண்டி உரசும் இடம், குழந்தை நின்று கடிக்கும் உயரத்தில் இருக்கும் ஜன்னல் கட்டை. அந்த ஓரங்களில் விழும் பொடி ஜன்னல் திண்டில் சேரும், பிள்ளை கைவைத்து வாயில் வைக்கும். வாரம் இரண்டு முறை அந்தத் திண்டுகளை ஈரத் துணியால் துடைப்பதும், சாப்பிடும் முன் பிள்ளையின் கையைக் கழுவுவதும் பெரிய வேலை இல்லை, ஆனால் பெரிய பலன்.

மழைக்காலத்தில் கதவு ஊதிக்கொண்டு சாத்த வராது. ஆசாரியைக் கூப்பிட்டால் அவர் இழைப்புளி வைத்து ஓரத்தை இழைப்பார். பழைய பெயிண்ட்டோடு சீவல் சுருள் சுருளாக விழும், பிள்ளைகள் அதை எடுத்து விளையாடும். இனிமேல் கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஓரத்தை நனைத்து இழைக்கச் சொல்லுங்கள். சீவலை உடனே கட்டிப் பையில் போடுங்கள்.

பெயிண்டர் வரும்போது மூன்று விஷயம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். உப்புத்தாளை உலர்வாகப் போடக் கூடாது, வாட்டர் பேப்பரை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். தேய்க்கும் மெஷினும், தீ வைத்து உருக்கும் விளக்கும் பழைய எனாமல் மேல் கூடாது. வேலை நடக்கும் அறையில் யாரும் சாப்பிடக் கூடாது, அவர் உட்பட. பெயிண்டர்கள் அந்தக் கையோடே டீ குடிப்பதையும் பீடி பிடிப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து, “அண்ணே, கையக் கழுவிட்டு டீ குடிங்க” என்று சொன்னால் போதும். பெயிண்ட் ரிமூவர் போடுவதாக இருந்தால் வெட்டவெளியில் மட்டும். சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். மூடிய குளியலறையில் அதன் ஆவி ஆளையே கொன்றுவிடும்.

அடுத்து வருவதை எங்கள் வீட்டிலும் வருஷக்கணக்காகச் செய்திருக்கிறோம். போகியன்று பழைய ஜன்னல் சட்டத்தையும் பெயிண்ட் அடித்த பலகையையும் எரிப்பது, வெந்நீர் அடுப்புக்கு அதைப் பிளந்து போடுவது. எரிந்தாலும் ஈயம் அழிவதில்லை. கொஞ்சம் புகையில் போகும், மீதி சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போட்டால் கீரைப்பாத்திக்கும் போகும். பெயிண்ட் படிந்த மரம் அடுப்புக்குப் போகக் கூடாது.

வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்து, பழைய பெயிண்ட்டைச் சுரண்டிய வேலை சமீபத்தில் நடந்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல். ரத்தசோகையுள்ள பிள்ளை ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். அதனால் இரும்புச்சத்துக் குறைவையும் சேர்த்துப் பார்த்துச் சரிசெய்வது முக்கியம்.

படி 6: கட்டிங் மெஷின் தூசி

கல்நாரும் ஈயமும் பழைய வீட்டின் பிரச்சினை. இது புது வீட்டுக்கும் உண்டு. கிரானைட், டைல்ஸ், கான்கிரீட், செங்கல் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. உலர்வாக அறுத்தால் வெள்ளையாக எழும் புகைமாதிரித் தூசியில் இருப்பது அதுதான். தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறும் சிலிகோசிஸ் என்ற நோய் வரும், அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. சமையல் மேடைக்கு இப்போது பலரும் விரும்பும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். அதை அறுத்த இளம் தொழிலாளிகள் நோயில் விழுந்ததைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. என்னைக் கேட்டால் கிரானைட்டே போதும்.

அளவெடுத்துக் கொடுத்துக் கடையின் பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் அறுக்க வேண்டிய மிச்சம் மீதிக்கும் பிளேடின் மேல் தண்ணீர் விட ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் அது. அந்த மெஷினுக்குப் போகும் லைனில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்க வேண்டும், ஒயரில் ஒட்டுப்போட்ட இடம் இருக்கக் கூடாது. சுவரில் காடி வெட்டும்போது கதவுகளை மூடி, இடுக்குகளைத் துணியால் அடைத்து, சுவரை முன்கூட்டியே நனைத்துவையுங்கள். சுவர்ப் பட்டி தேய்க்கும் தூசி முழு வீட்டிலும் மாவு மாதிரிப் படியும். அதையும் ஈரத்தில்தான் துடைக்க வேண்டும்.

கரையான் மருந்து அடிப்பதாக இருந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் உரிமம் உள்ளவரையே கூப்பிடுங்கள். கிணறும் தரைத்தொட்டியும் எங்கே இருக்கின்றன என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் காட்டுங்கள்.

படி 7: புதுக் கூரையும் பழைய நோட்டும்

மாற்றுக் கூரை பற்றி எல்லோரும் கேட்பது வெக்கை. தகர ஷீட் வெயிலில் தகிக்கும், மழையில் சத்தம் போடும், ஆனால் தூசி பயம் கிடையாது. நடுவில் நுரை வைத்த பலகை வெக்கையைத் தாங்கும், விலை கூடுதல். கல்நார் கலக்காத நார்ச் சிமெண்ட் ஷீட்டும் கிடைக்கிறது. கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, ஷீட்டிலும் பில்லிலும் எழுத்தில் இருக்க வேண்டும். நாங்கள் கடைசியில் ஓட்டுக்கே திரும்பினோம். சாய்ப்பு சிறியது என்பதால் கட்டுப்படியானது. மதியத்தில் கிணற்றடியில் இப்போது உட்கார முடிகிறது.

முதல் நாள் எழுதிய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஷீட் இன்னும் இருக்கிறது, எந்தக் கதவில் பழைய பெயிண்ட்டின் மேல் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது, எந்தக் குழாய் சுவருக்குள் போகிறது என்று படத்தோடு எழுதி, மின்சார மெயின் பெட்டியின் உள்பக்கம் ஒரு நகலை ஒட்டிவையுங்கள். அடுத்த முறை எலக்ட்ரீஷியன் துளை போட வரும்போது முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான். வாடகைக்கு விட்டால் குடிவருபவரிடம் ஒரு நகல் கொடுங்கள். வீட்டை விற்றால் பத்திரத்தோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள். எங்கள் வீட்டு நகலின் கீழே, முன்கட்டில் மீதமிருக்கும் ஆறு ஷீட்டுக்கு நேராக, அதே மேஸ்திரி தன் கையால் எழுதியிருக்கிறார்: “நனைச்சுட்டு, போல்ட்டைக் கழட்டி எடுக்கணும்.”